நான்கெல்லை எழுதுதல்: ஒரு தீயணைப்பு நாசிலும் அதன் காப்புரிமையும்

சாணக்யபுரியில் கௌடில்ய மார்க் வழியாகத் தமிழ்நாடு இல்லத்துக்கு நாம் எத்தனையோ முறை போய் வந்திருப்போம். ஊரிலிருந்து வந்த உறவினரை அங்கே இறக்கிவிடும் அவசரத்தில், அந்தச் சாலைக்குப் பெயர் தந்த மனிதர் எழுத்து வேலைக்கென்றே ஒரு தனி அத்தியாயம் எழுதி வைத்திருக்கிறார் என்பது நினைவுக்கு வருவதில்லை. அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் பத்தாவது அத்தியாயம் அது. அரசாணை எழுதுகிறவனுக்கு உரிய பாடம். பொருள் வரிசையாக அமைதல், முன்னுக்குப் பின் தொடர்பு, குறைவின்மை, இனிமை, மேன்மை, தெளிவு என்று ஆறு குணங்களைச் சொல்கிறது. முன்னுக்குப் பின் முரண்படுவதையும் சொன்னதையே சொல்வதையும் குற்றங்களில் சேர்க்கிறது. அந்நூலின் ஓலைச்சுவடியை மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொடுத்தவர் தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர். அதை 1909-இல் அச்சேற்றியவர் சாம சாஸ்திரி. ஆகவே அந்த அத்தியாயத்தில் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

நம் வீட்டுச் சரக்கும் குறைந்ததல்ல. நன்னூலில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் ஆகிய நான்கை மட்டும் இப்போது நினைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பேடண்ட் எனப்படும் காப்புரிமையைப் பெறவோ இழக்கவோ காரணமாக இருப்பவை, பெயர் மாறினாலும், பெரும்பாலும் இவைதாம். நம் குடும்பங்களில் பொறியியல் படித்த பிள்ளைகள் இல்லாத வீடு அபூர்வம். அவர்களில் யாராவது ஒருநாள் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டு, "இதற்குக் காப்புரிமை எடுக்கலாமா அப்பா?" என்று கேட்கக்கூடும். அந்த நாளுக்காக இந்தப் பாடம். உதாரணத்துக்கு ஒரு தீயணைப்பு நாசிலை எடுத்துக்கொள்கிறேன்.

நாசிலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1997 ஜூன் 13 அன்று கிரீன் பார்க் உபஹார் திரையரங்கில் நடந்ததைத் தில்லிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தரைத்தள வாகன நிறுத்துமிடத்து மின்மாற்றியில் கிளம்பிய தீயும் புகையும் 59 உயிர்களைக் கொண்டுபோயின. மேலே பால்கனியில் மூச்சுத் திணறி இறந்தவர்களே பெரும்பாலோர். தீயைத் தொடக்கத்திலேயே அடக்குகிற ஒரு சிறு பித்தளைத் துண்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தண்ணீரைப் பொடியாக்குதல்

கூரையில் தொங்கும் சாதாரணத் தெளிப்பான் பழைய சங்கதி. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்துப் பியானோ தொழிற்சாலை முதலாளி ஹென்றி பார்மலீ 1874-இல் அதற்கு ஒரு காப்புரிமை பெற்றார். இன்று அலுவலகக் கூரையில் தெரியும் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் வெடித்து நீரைத் திறந்துவிடும். அது கனமான துளிகளாய் மழைபோல் பெய்து, எரியும் பொருளை நனைக்கும்.

நீர்ப்பனி நாசில் வேறு வகை. ஒரு லிட்டர் தண்ணீரை 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் சுமார் 19 லட்சம் துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 6 சதுர மீட்டர். அதே லிட்டரை 0.1 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் சுமார் 191 கோடி துளிகள். மேற்பரப்பு 60 சதுர மீட்டர். மேற்பரப்பு கூடக் கூட நீர் விரைவில் ஆவியாகும். ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும்; தன் கன அளவைப்போல் சுமார் 1,700 மடங்கு விரிந்து, தீயைச் சுற்றியுள்ள பிராணவாயுவையும் ஓரளவு விலக்கும். கொஞ்சம் தண்ணீரில் காரியம் முடிவதால் கப்பல், மின்மாற்றி அறை, பேருந்து போன்ற இடங்களுக்கு இது ஏற்றது. 1990-இல் ஸ்காண்டிநேவியன் ஸ்டார் என்ற பயணிக் கப்பலில் 159 பேர் தீக்கு இரையானதும், ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஹாலான் வாயுக்களை 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கை ஒதுக்கியதும் இதற்கு உலகெங்கும் வேகம் தந்தன. நம் ராஜாஜி மார்க்கில் உள்ள டி.ஆர்.டி.ஓ. பவனில் 2020 நவம்பரில் பேருந்துக்கான ஒரு கருவியைச் செய்து காட்டினார்கள். 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, நைட்ரஜன் சிலிண்டர், பயணிகள் பகுதியில் 16 நுண்தெளிப்பு முனைகள். தீயை 30 விநாடிக்குள் கண்டுபிடித்து 60 விநாடிக்குள் அடக்கும் என்று அறிவித்தார்கள்.

நிற்க. இனி நம் கற்பனை இளைஞரிடம் வருவோம். ஓக்லாவில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாசிலுக்குள் நீரைச் சுழலவிட்டு வெளியே விடுவது வெகு நாளாக எல்லோரும் அறிந்த முறை. இவர் ஒரு படி மேலே போய், ஒரே நாசிலுக்குள் நடுவில் ஓர் அறையும் அதைச் சுற்றி வளையம்போல் இன்னோர் அறையும் வைத்து, ஒன்றில் நீர் வலமாகவும் மற்றதில் இடமாகவும் சுழலும்படி செய்திருக்கிறார். வெளியே வந்ததும் இரண்டு நீர்த்திரைகளும் மோதிக்கொண்டு நுணுங்குகின்றன. குறைந்த அழுத்தத்திலேயே நல்ல பனி கிடைக்கிறது. மகிழ்ச்சியில் ஒரே இரவில் உட்கார்ந்து தம் உரிமைக் கோரிக்கையை இப்படி எழுதுகிறார்:

"தீயை மிக விரைவாக அணைக்கக் கூடியதும், மிக நுண்ணிய துளிகளைத் தருவதும், ஏறத்தாழச் சாய்வான துளைகளையும் அந்த வளைய அறையையும் கொண்டதுமான சிறந்த நாசில்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. விளம்பரத்துக்கு உதவும்; உரிமைக்கு உதவாது.

எல்லைக் கல்

காப்புரிமை விண்ணப்பத்தில் இரண்டு பகுதிகள் முக்கியம். ஒன்று விவரிப்பு, பொருள் என்ன, எப்படிச் செய்வது, எப்படி இயங்குகிறது என்று சொல்வது. மற்றது அதன் முடிவில் வரும் கோரிக்கைகள். இவ்வளவு தூரம் எனக்கு உரியது என்று எல்லை கட்டுவது. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறோமே, அதேதான். வடக்கே இன்னார் புஞ்சை, கிழக்கே வாய்க்கால் என்று எழுதாமல், 'நல்ல விளைச்சல் தரும் பெரிய நிலம்' என்று எழுதினால் பதிவாளர் என்ன சொல்வார்? சோழர் காலத்தில் இதைப் பொறுப்பாகச் செய்தார்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தபோது பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, சுற்றிலும் உள்ள வாய்க்காலும் வயலும் இன்னின்னவை என்று செப்பேட்டில் வெட்டினார்கள். லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது அதுவே. பக்கத்து ஊர்க்காரன் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பது அதைப் படித்தால் தெரியும். காப்புரிமைக் கோரிக்கையும் உரிமையாளருக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. பக்கத்து வயல்காரனுக்காகவும் எழுதப்படுகிறது.

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 10-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. கண்டுபிடிப்பையும் அதைச் செய்யும் முறையையும் முழுமையாக, குறிப்பாக விவரிக்க வேண்டும். விண்ணப்பதாரர் அறிந்தவற்றில் மிகச் சிறந்த முறையை வெளியிட வேண்டும். முடிவில் கோரிக்கைகள் வர வேண்டும். அவை தெளிவாகவும் சுருக்கமாகவும், விவரிப்பில் சொன்னதை நியாயமான அடிப்படையாகக் கொண்டும் இருக்க வேண்டும். இவற்றில் தவறினால், காப்புரிமை கிடைத்த பிறகும்கூட 64-ஆம் பிரிவின்படி அதை ரத்து செய்யக் கோரலாம். பத்து வருஷம் கழித்து, தொழில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, போட்டியாளர் அந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு வருவார். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் தெளிவின்மை என்பது பரிசோதனைக் கட்டத்துக் கேள்வி. உரிமை வழங்கிய பிறகு எதிர்ப்பு மனு போடுவதற்கு அது காரணமாகாது. நம் நாட்டில் அது கடைசிவரை கூடவே வரும்.

இச்சட்டத்தின் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்காரைக் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய மத்திய அரசு 1957-இல் நியமித்தது. அவர் 1959 செப்டம்பரில் அறிக்கை தந்தார். மறு ஆண்டு உச்ச நீதிமன்ற நீதிபதியாகித் தில்லிக்கே வந்துவிட்டார். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டாருடையவை என்றும், அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை இங்கே செயல்படுத்தப்படவே இல்லை என்றும் எடுத்துக் காட்டினார். ஒருவருக்குத் தனியுரிமை கொடுப்பது அவர் தம் வித்தையை நாட்டுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு ஈடாகத்தான். இன்று அந்த உரிமை 20 ஆண்டு. அது முடிந்ததும் யாரும் செய்துகொள்ளலாம். சொல்லிக் கொடுக்காமல் உரிமையை மட்டும் வாங்கிக்கொண்டால் அது கொடுக்கல் வாங்கல் ஆகாது. 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் அவர் அறிக்கையின் மேல் கட்டப்பட்டது.

'நுண்ணிய' என்றால் எவ்வளவு?

இப்போது இளைஞரின் வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். 'சிறந்த' என்பதை அடித்துவிடலாம். பொருளுக்கு எல்லை சொல்லாத சொல். 'மிக விரைவாக அணைக்கக் கூடியது' என்பது அடைய விரும்பும் பலன். பலனுக்கு உரிமை கேட்டால், நாளை வேறொருவர் முற்றிலும் வேறு வழியில் விரைவாக அணைத்தாலும் அதுவும் தமக்குச் சொந்தம் என்று ஆகிவிடும். இது மிகைபடக் கூறல். பலனைத் தருகிற அமைப்பைச் சொல்ல வேண்டும்.

'அந்த வளைய அறை' என்கிறார். எந்த வளைய அறை? முன்னால் எங்கும் ஒரு வளைய அறையைப் பற்றி அவர் பேசவில்லையே! சுட்டு இருக்கிறது, சுட்டப்பட்ட பொருள் இல்லை. முதலில் 'வளைய அறை ஒன்று' என்று அறிமுகப்படுத்திவிட்டுப் பிறகுதான் 'அந்த' என்று சொல்ல வேண்டும். தமிழில் கதை சொல்லும் பாட்டிக்குக்கூட இது தெரியும். 'ஒரு ஊரில் ஒரு ராஜா' என்றுதான் தொடங்குவாள். கோரிக்கைகளில் அடிக்கடி அகப்படும் பிழை இதுதான். 'ஏறத்தாழச் சாய்வான' என்பதிலும் அதே கதி. எந்த அச்சுக்கு எத்தனை டிகிரி?

'மிக நுண்ணிய துளிகள்' என்பதுதான் உண்மையான சிக்கல். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். யாரோ புத்தி சொல்லி, அவர் அதை 'சராசரியாக 200 மைக்ரானுக்குக் குறைந்த துளிகள்' என்று மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எண் வந்துவிட்டது; தெளிவும் வந்துவிட்டது என்று நினைப்போம். வரவில்லை.

ஒரு தெளிப்பில் 100 துளிகளைப் பிடித்தோம். 90 துளிகள் 50 மைக்ரான், 10 துளிகள் 400 மைக்ரான். சாதாரணக் கூட்டுச் சராசரி போட்டால் 85 மைக்ரான். ஆனால் தண்ணீர் எங்கே இருக்கிறது? துளியின் கன அளவு விட்டத்தின் முப்படியாக வளரும். ஆகவே மொத்தத் தண்ணீரில் சுமார் 98 விழுக்காடு அந்தப் பத்துப் பெரிய துளிகளில்தான் இருக்கிறது. கன அளவின்படி நடு மதிப்பு பார்த்தால் 400 மைக்ரான். மேற்பரப்பையும் கன அளவையும் சேர்த்துப் பார்க்கும் சாட்டர் சராசரி என்று ஒன்று உண்டு. எரிபொருள் தெளிப்பு ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்துவது. அதன்படி சுமார் 357 மைக்ரான். ஒரே நாசில், ஒரே தெளிப்பு. விடை 85, 357, 400. போட்டியாளரின் நாசில் 200-க்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வழக்குப் போட்டவரின் நிபுணர் முதல் கணக்கைக் காட்டுவார். எதிராளியின் நிபுணர் மூன்றாவதைக் காட்டுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. எல்லைக் கல்தான் நடக்கிறது.

இன்னும் இருக்கிறது. நாசில் வாயருகே அளந்தால் நீர்த்திரை இன்னும் முழுதாக உடைந்திருக்காது. தள்ளிப் போய் அளந்தால் சிறு துளிகள் சில ஆவியாகியிருக்கும், சில ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். அழுத்தம் கூடினால் துளி சிறுக்கும். ஆகவே எந்தச் சராசரி, எந்தத் தொலைவு, எந்த அழுத்தம், எந்த அளவுமுறை என்று நான்கும் சொன்னால்தான் 200 என்ற எண்ணுக்கு உயிர் வரும். தீயணைப்புத் துறையினர் இதை அறிந்தவர்கள். நீர்ப்பனிக்கென்று அமெரிக்காவில் 1996-இல் முதன்முதல் வெளிவந்த என்.எஃப்.பி.ஏ. 750 என்ற தர நூல் நெடுங்காலம் பயன்படுத்திய வரையறையைப் பாருங்கள். நாசிலிலிருந்து 1 மீட்டர் தள்ளி, குறைந்தபட்ச இயக்க அழுத்தத்தில் அளந்தால், நீரின் கன அளவில் 99 விழுக்காடு 1,000 மைக்ரானுக்குக் குறைந்த துளிகளாக இருக்க வேண்டும் என்பது அது. 'நுண்ணிய' என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு வேலி!

வெளிநாட்டிலும் இதே தகராறுதான். உடற்பயிற்சியின்போது இதயத் துடிப்பை அளக்கும் கருவி ஒன்றில் இரண்டு மின்முனைகள் 'இடைவெளி விட்டு' அமைந்தவை என்று எழுதியிருந்தார்கள். எவ்வளவு இடைவெளி? அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல், துறை அறிந்தவருக்குக் கோரிக்கையின் எல்லை நியாயமான அளவுக்கு உறுதியாகத் தெரிய வேண்டும் என்று புதிய அளவுகோல் வைத்தது. மறுபடி விசாரித்த கீழ் நீதிமன்றம், அந்தத் துறைக்காரருக்கு அது புரியும் என்று கண்டு கோரிக்கையைக் காப்பாற்றிவிட்டது. எல்லாச் சொல்லுக்கும் எண் தேவை என்பதல்ல. விவரிப்பைப் படித்த துறைக்காரருக்குச் சந்தேகம் தீர வேண்டும்.

எண் எழுதினாலும் சண்டை ஓயும் என்று நம்பிவிடக் கூடாது. நம் சென்னையில் நடந்ததைச் சொல்கிறேன். பஜாஜ் நிறுவனம் இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சினுக்குக் காப்புரிமை வைத்திருந்தது. வெறுமனே 'சிறிய எஞ்சின்' என்று விட்டுவிடாமல், சிலிண்டர் துளையின் விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர் வரை என்று கோரிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். டிவிஎஸ் நிறுவனம் 'ஃபிளேம்' மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. தம் எஞ்சினில் மூன்று வால்வுகள் இருப்பதால் அது வேறு பொருள் என்பது டிவிஎஸ் தரப்பு வாதம். 2008-இல் ஒற்றை நீதிபதி தடை கொடுத்தார். 2009-இல் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விற்பனையை அனுமதித்து, வழக்கை விரைந்து முடிக்கச் சொன்னது. கடைசியில் 2019-இல் இரு தரப்பும் சமாதானமாயின. பிளக்கில் தொடங்கியது, கோரிக்கை எதைக் கட்டாயமாகக் கேட்கிறது என்ற கேள்வியில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு சொல்லைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் எத்தனை கோடி அடங்கியிருக்கிறது பாருங்கள்.

இளைஞரின் கோரிக்கையை இனித் திருத்தி எழுதிப் பார்ப்போம். கீழே வரும் அளவுகள் பாடத்துக்காக நான் இட்டவை. யாரும் இவற்றை வைத்து நாசில் கடைய வேண்டாம்.

"நீர் நுழைவழி ஒன்றையுடைய உடற்பகுதியும், அவ்வுடற்பகுதிக்குள் அமைந்து வெளித்துளை ஒன்றையுடைய மைய அறையும், அம்மைய அறையைச் சுற்றி அதே அச்சில் அமைந்து வளையத் திறப்பு ஒன்றையுடைய வளைய அறையும், நீர் நுழைவழியிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் அதன் சுவரைத் தொடுகோடாகச் சந்திக்குமாறு செல்லும் குறைந்தது இரண்டு ஊட்டுத் துளைகளும் உடையதாய், மைய அறையின் ஊட்டுத் துளைகள் நீரைச் சுழற்றும் திசைக்கு எதிர்த்திசையில் வளைய அறையின் ஊட்டுத் துளைகள் நீரைச் சுழற்றுவதைச் சிறப்பியல்பாகக் கொண்ட தீயணைப்பு நாசில்."

கோரிக்கை ஒன்று ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் மரபு. எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும் வசதி தமிழுக்கு உண்டு. நம் பத்திர எழுத்தர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். பாருங்கள், இதில் துளியின் அளவே வரவில்லை. அமைப்பிலேயே புதுமை தெரிகிறது, அளவு தேவைப்படவில்லை. துளியின் அளவை இரண்டாவது கோரிக்கையில், 'கோரிக்கை 1-இல் கூறிய நாசில்' என்று தொடங்கி, நான்கு விவரங்களோடும் எழுதலாம். துளை விட்டத்தின் விகிதத்தை மூன்றாவதில் எழுதலாம். கோட்டைக்குள் கோட்டை மாதிரி. வெளிமதில் விழுந்தாலும் உள்மதில் நிற்கும். அடிப்படைக் கட்டணத்துக்குள் 10 கோரிக்கைகளும் 30 பக்கங்களும் அடங்கும்.

'உடையதாய்' என்ற சொல்லையும் கவனியுங்கள். 'மட்டுமே ஆனது' என்று எழுதியிருந்தால், போட்டியாளர் ஒரு வடிகட்டியைக் கூடுதலாக மாட்டிவிட்டு, 'இது வேறு நாசில்' என்று போய்விடுவார்.

பட்டறை ரகசியம்

கோரிக்கை சரியானாலும் விவரிப்பு காலை வாரிவிடலாம். சட்டம் இங்கே ஓர் அழகான அளவுகோல் வைத்திருக்கிறது. இந்தியாவில் இருக்கும், அத்துறையில் சராசரித் திறனும் சராசரி அறிவும் உள்ள ஒருவர், விவரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பொருளைச் செய்துவிட முடிய வேண்டும். ஜெர்மனியின் பெரிய ஆய்வுக்கூடத்து நிபுணரை அது கேட்கவில்லை. ஓக்லாவிலோ அம்பத்தூரிலோ கடைசல் பட்டறை வைத்திருப்பவர் போதும். அவர் மேலும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

நம் இளைஞரின் தாளை அந்தப் பட்டறைக்காரர் கையில் கொடுத்துப் பார்ப்போம். 'துளை விட்டம் 1.5' என்றிருக்கிறது, மில்லிமீட்டரா? படத்தில் 12 என்று அம்புக்குறி போட்டது வளைய அறையை. எழுத்தில் 12 என்பது வடிகட்டி. ஒரு பக்கத்தில் இரண்டு ஊட்டுத் துளை, அடுத்த பக்கத்தில் மூன்று. மாறுகொளக் கூறல். இவையெல்லாம் ஒருநாள் உட்கார்ந்து சரிபார்த்தால் தீரும் பிழைகள். ஆனாலும் இவற்றால் கெட்டுப்போகிற விண்ணப்பங்கள் கொஞ்சமல்ல.

அடுத்தது கனமான பிழை. அவர் சோதித்தது 8 முதல் 12 பார் அழுத்தத்தில், தண்ணீரை மட்டும் வைத்து. எழுதுவதோ 'எந்த அழுத்தத்திலும், எந்தத் தீயணைப்புப் பொருளுக்கும்'. நுரைக்கரைசல் தண்ணீரைப்போல் நடந்துகொள்ளாது. விவரிப்பில் ஒரு வயல், கோரிக்கையில் ஊர் முழுவதும். பெரிய நிறுவனங்களும் இதைச் செய்து பார்ப்பதுண்டு. சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை வந்த நோவார்ட்டிஸ் புற்றுநோய் மருந்து வழக்கில், கோரிக்கையின் பரப்பு வேறு, வெளியிட்ட செய்தி வேறு என்று இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி வைத்துக்கொள்ளும் வாதத்தை 2013 ஏப்ரல் 1 அன்று நீதிமன்றம் ஏற்கவில்லை.

மூன்றாவதுதான் நம்மவர்களின் பலவீனம். துளை போட்ட பிறகு அதன் விளிம்பைக் குறிப்பிட்ட விதத்தில் தேய்த்துவிட்டால்தான் இரண்டு நீர்த்திரைகளும் ஒழுங்காக மோதும் என்பது இளைஞருக்குத் தெரியும். அதை எழுதவில்லை. "அதையும் சொல்லிவிட்டால் நம்மிடம் என்ன இருக்கிறது?" என்கிறார். மருந்து சொல்லித்தரும் வைத்தியர் ஒரு மூலிகையை மட்டும் மறைத்துக்கொள்ளும் பழைய வழக்கம். சட்டம் இதை ஒப்பாது. தாம் அறிந்த மிகச் சிறந்த முறையை மறைத்தார் என்று நிரூபித்துவிட்டால், அந்த ஒரு காரணமே காப்புரிமையை ரத்து செய்யப் போதும். ரகசியமாக வைத்துக்கொள்ள விரும்பினால் காப்புரிமையே கேட்காமல் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம். அது கௌரவமான வழிதான். ஆனால் நாசிலை ஒருவர் வாங்கி அறுத்துப் பார்த்தால் ரகசியம் அன்றோடு போயிற்று. என்னைக் கேட்டால், இந்த மாதிரிப் பொருளுக்கு எழுதிவிடுவதே மேல். தீயணைக்கும் கருவியின் பக்குவம் நாலு பேருக்குத் தெரிவதில் நஷ்டமும் இல்லை.

கடைசல் எந்திரம் என்றதும் 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த மிர்ஸாபூர் வழக்கு நினைவுக்கு வருகிறது. கடைசல் எந்திரத்தில் பாத்திரம் செய்யும் முறைக்கு வாங்கிய காப்புரிமையைப் புதிய கண்டுபிடிப்புத் திறன் அதில் இல்லை என்று ரத்து செய்தார்கள். அத்தீர்ப்பு சொன்ன ஒரு வழி படிப்பவருக்கும் எழுதுபவருக்கும் உதவும்: கோரிக்கையை முதலில் படிக்காதே, விவரிப்பை முதலில் படித்து மனத்தைத் தயார் செய்துகொண்டு பிறகு கோரிக்கைக்கு வா. எழுதும்போதும் அந்த வரிசைதான் நல்லது. இளைஞர் செய்ததுபோல் கோரிக்கையை இரவோடு இரவாக எழுதிவிட்டுப் பிறகு அதற்கேற்ப விவரிப்பை இழுத்துப் போர்த்தக் கூடாது.

தாக்கல் செய்த பிறகு

ஒருமுறை தாக்கல் செய்துவிட்டால் புதிய செய்தி எதையும் உள்ளே நுழைக்க முடியாது. குறைக்கலாம், பிழை திருத்தலாம், விளக்கலாம். முன்பு சொல்லாததைச் சேர்க்க 59-ஆம் பிரிவு இடம் தராது. அவசரமாகத் தேதி பிடிக்க வேண்டுமானால் முதலில் தற்காலிக விவரிப்பு ஒன்றைக் கொடுத்து, 12 மாதத்துக்குள் முழு விவரிப்பைக் கொடுக்கலாம். அந்த இடைவேளையில் சோதித்துக் கண்டதைச் சேர்க்கலாம்தான். ஆனால் முதல் தாளில் இருந்ததற்கே முதல் தேதி. பிறகு சேர்த்ததற்குப் பிந்திய தேதி. நடுவில் நாசிலை விற்றுவிட்டாலோ, கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டிவிட்டாலோ, பிந்திய பகுதிக்கு அவரே எதிரியாகிவிடுவார்.

சாணக்யபுரியில் பறக்கும் கொடிகளில் எத்தனை நாடுகளில் உரிமை வேண்டுமென்றாலும் மூலம் இந்த முதல் தாள்தான். பாரிஸ் ஒப்பந்தத்திலும் காப்புரிமைக் கூட்டுறவு உடன்படிக்கையிலும் இந்தியா 1998 டிசம்பர் 7 முதல் உறுப்பினர். இங்கே தாக்கல் செய்த தேதியைக் காட்டி 12 மாதத்துக்குள் வெளிநாடுகளில் கேட்கலாம். இந்தியாவில் வசிப்பவர் முதலில் இங்கே தாக்கல் செய்ய வேண்டும், அல்லது முன் அனுமதி பெற வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. இங்கே 'நுண்ணிய' என்று எழுதியது அங்கெல்லாம் அந்தந்த மொழியில் 'நுண்ணிய' என்றே போய்ச் சேரும்.

மொழி என்றதும் ஒரு வருத்தம். விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தர வேண்டும், தமிழுக்கு இடமில்லை. எனினும் முதல் வரைவைத் தமிழில் எழுதிப் பார்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அரைகுறையாகப் புரிந்ததை நாகரிகமான சொல்லால் மூடிவிடலாம். தாய்மொழியில் 'எது எதோடு சேர்கிறது' என்று வீட்டில் ஒருவர் கேட்டுவிடுவார். வீட்டில் பொறியியல் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவரைப் படம் வரையச் சொல்லுங்கள். அவர் வரைந்த படத்தில் வளைய அறை மைய அறைக்கு வெளியே வந்திருக்கிறதா, உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள்.

பரிசோதனை கோரும் மனுவை, 2024 மார்ச் 15-இல் வந்த விதிகளுக்குப் பின் தாக்கலான விண்ணப்பங்களுக்கு, முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பிறகு ஒருநாள் முதல் பரிசோதனை அறிக்கை வரும். 'கோரிக்கை 1 தெளிவாக இல்லை, விவரிப்பின் ஆதரவு இல்லை' என்ற வரிகள் அதில் இருப்பது சகஜம், பயந்துவிட வேண்டாம். பதில் சொல்ல 6 மாதம் அவகாசம். கேட்டால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். அந்த மாதங்களில் பட்டறைக்கு ஓடிப் புதிதாக அளந்து வந்து பயனில்லை. எந்தச் சராசரி, எவ்வளவு தொலைவு, எத்தனை பார் என்பது தாக்கல் செய்த தாளில் எங்கேனும் ஒரு வரியில், ஓர் அட்டவணையில், படத்தின் கீழே ஒரு குறிப்பில் இருந்தால், அதை எடுத்துக் கோரிக்கையில் வைத்துக்கொள்ளலாம்.